உன் மருந்துக்கு நான் போணி செய்யப்போவதில்லை

தம்பி,

நேற்று நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் வாய் வரவில்லை. கடையில் எண்ணெய் அளந்துகொண்டிருந்தேன், கை அப்படியே நின்றுவிட்டது. எதிராளி எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்லாதே, ஒரு பொழுது போகட்டும் என்று உனக்குச் சொல்லி வளர்த்தவன் நான். பொழுது போய்விட்டது. இப்போது எழுதுகிறேன். பேசினால் கடைசியில் நீ கேட்டதற்கு நான் சரி என்று சொல்லிவிடுவேன். எழுத்தில் அந்த ஆபத்து இல்லை.

படித்துவிட்டு இதை மடித்து உள்ளே வைக்காதே. உன்னோடு வேலை செய்கிறவர்களுக்குக் காட்டு, உன்னிடம் வருகிற நோயாளிகள் உட்காரும் இடத்தில் ஒட்டினாலும் எனக்குச் சம்மதம். பல்வலியை முந்தானைக்குள் மூடிக்கொண்டு அடுப்படியில் நிற்கிற பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அந்த வீட்டு ஆம்பளைகள் கண்ணில் இது படட்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் தெரியாதவனுக்குச் சொல்வதுபோல் சில இடங்களில் எழுதியிருப்பேன், பொறுத்துக்கொள்.

நீ கேட்டது இதுதான். பல்லின் வேருக்குள் சீழ் பிடித்த இடத்தில் வைப்பதற்காக, நாயுருவி இலையையும் வெள்ளியையும் கொண்டு நீ வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருக்கிற மருந்தை, இனி மனுஷர் வாயில் போட்டுப் பார்க்கலாம் என்று அனுமதி வந்துவிட்டது. "மொத ஆளா நீங்கதான் வரணும் நைனா. உங்க கீழ்ப்பல்லு செத்துப்போயி உள்ள சீழ் கட்டிக்கினு கீது. அதுலதான் வெக்கப்போறேன். நீங்க வரலன்னா நான் ஆரம்பிக்கவே மாட்டேன். எல்லாத்தையும் வுட்டுட்டு துபாய்க்குப் போயி எவன் கிளினிக்லயாவது சம்பளத்துக்கு ஒக்காந்துக்கறேன்" என்றாய். போன மாதம் உன் அம்மாவின் திதிக்கு வந்தபோது, சாப்பிட்ட கையோடு என்னைச் சமையலறையில் நிற்க வைத்து, டார்ச் அடித்து வாயைப் பார்த்தாயே, அப்போதே நீ முடிவு செய்துவிட்டாய் என்று இப்போது புரிகிறது. அப்பனின் வாய்க்குள் பார்க்கிறாய் என்று நினைத்தேன். நீ பார்த்தது மருந்து வைக்க ஒரு காலி இடத்தை.

நம் வீட்டுப் பழக்கம் எதிலிருந்து வந்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் கூடையில் வேகவைத்த கடலை விற்றுக்கொண்டிருந்த நான், பஜாரில் ஒரு சின்ன இடம் பிடித்து எண்ணெய்க் கடை போட்ட அன்றைக்கு, மத்தியானம் வரைக்கும் ஒரு ஆள் உள்ளே வரவில்லை. எதிர்க்கடைக்காரன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். உன் அம்மா வீட்டிலிருந்து எண்ணெய்த் தூக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, யாரோ போல வந்து நின்றாள். "இன்னாங்க, நல்லெண்ண கீதா?" என்று கேட்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசு கொடுத்தாள். நானும் யாரோ போல அளந்து ஊற்றினேன். அவள் தெரு முனைகூடத் திரும்பியிருக்க மாட்டாள், அதற்குள் சாலவாக்கம் பஸ்ஸிலிருந்து இறங்கின கூட்டம் கடைக்குள் வந்துவிட்டது. அன்றிலிருந்து நான் எதை ஆரம்பித்தாலும் அவள் கைதான் போணி. கிடங்கு திறந்தபோது முதல் மூட்டையை அவள் தொட்டாள். புது செக்கு ஓடினபோது முதல் படி எண்ணெய் அவள் தூக்கில் விழுந்தது. நீ பல் டாக்டருக்குப் படிக்கையில் முதல் நோயாளியை நீயே கூட்டி வர வேண்டும் என்று சொன்னார்களாமே, மற்ற பிள்ளைகள் வாட்ச்மேனையும் டீக்கடைக்காரரையும் கெஞ்சிக்கொண்டிருந்தபோது, உன் அம்மா பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் சாய்ந்தாள். நீ பல் சுத்தம் செய்தாய், ஈறெல்லாம் ரத்தம். தெருவே கூடி நின்று கேட்டபோது "எறும்பு கடிச்ச மாதிரி கூட இல்ல, எம்புள்ள கை பூ மாதிரி கீது" என்றாள். அன்று அவள் சாப்பிட்டது வெறும் மோர்.

இதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடை நன்றாக நடந்துகொண்டிருந்த காலத்தில் சாலவாக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தாள். தூக்கை என் மேஜைமேல் ஓங்கி வைத்து, பஜாரே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினாள். "இன்னாயா எண்ண விக்கிற? பொணத்துக்குத் தேய்க்கவா? தாளிச்சா வூடே நாறுது! எம்மருமவ நாந்தான் கெட்டுப்போனத வாங்கினு வந்துட்டன்னு மூஞ்சத் திருப்பிக்கினா!" எனக்கு வந்த கோபத்தில் அவளைத் துரத்தியிருப்பேன். ஆனால் அவள் நகரவில்லை. வேறு வழியில்லாமல் பெரிய டிரம்மைச் சாய்த்துப் பார்த்தோம். அடியில் கசண்டு, வெறும் மண்டி இல்லை, தோல் மாதிரி பிடித்திருந்தது. வெந்நீர் ஊற்றினோம், மேலே வழிந்து ஓடியது, அது அசையவில்லை. சோடா போட்டோம், மேல் தோல் மட்டும் வழுவழுவென்று வந்தது. ஆள் உள்ளே இறங்கித் தேங்காய் நாரும் சாம்பலும் வைத்துச் சுரண்டின பிறகுதான் தகரம் தெரிந்தது. வருஷக்கணக்காகப் புது எண்ணெயை அந்தத் தோல்மேல் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று மத்தியானம் சாப்பிடும்போது உன் அம்மாவிடம் கேட்டேன், நம் வீட்டுக்கும் அதே டிரம் எண்ணெய்தானே, உனக்கு நாற்றம் தெரியவில்லையா என்று. "தெரிஞ்சிது. நம்ம கட எண்ணய நானே கொற சொல்லிட்டா அப்பறம் எவன் வாங்குவான்?" என்றாள். நான் சிரித்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

நீ மேல்படிப்புக்குப் போய் இந்த ஆராய்ச்சியில் இறங்கினபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பல் கெட்டால் பிடுங்க வேண்டியதுதானே, இதில் ஆராய என்ன இருக்கிறது என்றேன். கல்லாவுக்கு எதிரே மூட்டைமேல் உட்கார்ந்து நீ சொன்னாய்: வேருக்கு நடுவில் நூல் மாதிரி ஒரு வழி, அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கிளை வழிகள். ஊசி போய்ச் சுத்தம் செய்கிற இடம் கொஞ்சம், போகாத இடம் நிறைய. "கிருமி தனித்தனியா இருந்தா மருந்து ஊத்துன ஒடனே சாவும் நைனா. அது அப்பிடி இல்ல. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு, மேல கோழை மாதிரி ஒரு போர்வ போத்திக்கினு குடித்தனம் பண்ணுது. மருந்து மேலயே நின்னுடுது. பல்ல அடைச்சி அனுப்பிடறோம், ரெண்டு வருசம் கழிச்சி திரும்பி வீங்கிக்கினு வராங்க." நான் எழுந்து டிரம்மைத் தட்டிக் காட்டினேன். "கசண்டு" என்றேன். உன் முகம் மலர்ந்ததே, அதுதான் நான் உன் படிப்பில் சம்பந்தப்பட்ட முதல் நாள்.

வெள்ளியைக் கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடியாக்கினால் அந்தப் போர்வைக்குள் புகுந்துவிடும் என்றாய். வெள்ளி உப்பைத் தண்ணீரில் கரைத்து அதில் இலைச்சாற்றை விட்டால் இலையே அதைப் பொடியாக்கிக் கொடுக்கும், பொடிகள் திரும்ப ஒட்டிக்கொள்ளாமல் மேலே பூசியும் விடும் என்றாய். உன் அம்மா முறம் புடைத்துக்கொண்டே கேட்டாள், "காஞ்சிபுரத்துல ஜரிகைக்குப் போடறாங்களே, அந்த வெள்ளியா கண்ணு?" அதே வெள்ளிதான் என்றதும் அவளுக்கு ஒரே பூரிப்பு. "அப்ப பல்லுக்குள்ளயே பட்டு நெய்யப்போறன்னு சொல்லு." இலை கொடுக்கிற வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். ஏரிக்கரையில் புடவையெல்லாம் நாயுருவி முள் ஒட்ட ஒட்டப் பறித்து, அலசி, ஈரத் துணியில் சுருட்டி, பஸ்ஸில் கொடுத்து அனுப்புவாள். ஒருமுறை நீ எங்களை உன் ஆராய்ச்சிக் கூடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினாய். வெளிர் மஞ்சளாக இருந்த தண்ணீர் எங்கள் கண்முன்னாலேயே மெதுவாகப் பழுப்பாகி, கடைசியில் காப்பி டிகாக்‌ஷன் மாதிரி ஆனது. கோயிலில் நிற்பதுபோல் கை கூப்பிக்கொண்டு நின்றாள். அவ்வளவு பெரிய கட்டடத்தில், கோட்டு போட்ட பிள்ளைகளுக்கு நடுவில், எனக்கு வெட்கமாக இருந்தது. "கைய எறக்கு" என்று அதட்டினேன்.

என் பங்குக்கு நான் பல் கொள்முதல் செய்தேன். பரிசோதனைக்கு மனுஷப் பல் வேண்டும், பிடுங்கிப் போட்ட பல்லாக இருந்தால் போதும் என்றாய். ஒற்றை வேர்தான் வேண்டும், விரிசல் கூடாது, முன்பே அடைத்த பல் கூடாது. கடலை பிரிக்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? காஞ்சிபுரம், மதுராந்தகம், வந்தவாசி என்று சரக்கு எடுக்கப் போகிற ஊரிலெல்லாம் பல் டாக்டர்களைப் பிடித்தேன். உன் அம்மா கழுவிக் கொடுத்த ஊறுகாய் பாட்டிலில், நீ கொடுத்த மருந்துத் தண்ணீரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வருவேன். ஒரு தடவை கண்டக்டர் குனிந்து பார்த்தார். "இன்னா நைனா, சோழியா?" "பல்லு." "யாரு பல்லு?" "ஊரு பல்லு." பக்கத்தில் இருந்த அம்மா "அய்ய, கருமம்!" என்று எழுந்து முன்னால் போய்விட்டாள். கண்டக்டர் விடவில்லை. "எம்மாமியாருக்கு ஒண்ணு ஆடிக்கினு கீது, அட்வான்ஸ் குடுத்தா எடுத்தாந்துடறேன்" என்றார். பஸ்ஸே சிரித்தது. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது உன் அம்மாவும் சிரித்தாள். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படி மூடிக்கொள்கிற பெண் இல்லை. நான் கவனித்தேனா என்று கேட்டால், பார்த்தேன், கவனிக்கவில்லை.

அந்தப் பொங்கல் உனக்கு நினைவிருக்கும். கூடத்தில் மூன்று பேரும் கரும்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் மட்டும் கரும்பைக் கடிக்கவில்லை, உனக்குத் துண்டு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடித் தட்டில் கிருமியெல்லாம் சுத்தமாகச் செத்துவிடுகிறது, பல்லுக்குள் வைத்தால் அந்த அளவுக்கு இல்லை, இன்னும் பார்க்கணும் என்றாய். "மனுசாளுக்கு எப்ப போடுவ?" என்றாள். அனுமதி வரணும்மா, வந்துடும் என்றாய். "மொதல்ல யாருக்குப் போடுவ?" "யாராச்சும் வருவாங்கம்மா." "யாராச்சும் இன்னாடா யாராச்சும்? வூட்ல ஆளில்லயா?" நீ சிரித்துக்கொண்டே, "அந்த மருந்துல பல்லு கறுத்தாலும் கறுத்துடும்மா" என்றாய். "கறுக்கட்டுமே, என்ன இன்னா பொண்ணு பாக்கவா வரப்போறாங்க?" நான்தான் எல்லாருக்கும் மேலே சத்தமாகச் சிரித்தேன். நமக்கு அது வேடிக்கை. அவளுக்கு அது பேசி முடித்த வியாபாரம். அனுமதி வந்துவிடும் என்று நீ பொதுவாகச் சொன்னதை, நாளைக்கு சரக்கு வந்து இறங்கும் என்று நான் சொல்வதைப்போல் அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன், நீட்ட எனக்குத் தெம்பில்லை. கடைவாய்ப் பல். எப்போதிலிருந்து வலி என்று யாருக்கும் தெரியாது. கிராம்பு வைத்துக்கொண்டிருக்கிறாள், மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கியிருக்கிறாள், ஒரு பக்கமே மென்றிருக்கிறாள். கேட்டதற்கு "வாய்ப்புண்ணுங்க, ஒண்ணியும் இல்ல" என்றாள். சர்க்கரை வேறு. ஒரு நாள் காலை தாடைக்கு அடியில் கழுத்து வரைக்கும் வீங்கி, எச்சில் விழுங்க முடியாமல், குரல் மாறி எழுந்து வந்தாள். காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோனோம், அங்கே பார்த்த உடனே செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். வேனில் என் மடியில் சாய்ந்திருந்தாள். நாக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்தது, பேச்சு குழறியது. இந்தக் கண்றாவியை ஏண்டி மறைச்சே என்று கத்தினேன். "புடுங்கிட்டா... அப்பறம் எதுல வெப்பான்?" என்றாள். கொஞ்ச தூரம் போய், "நான் போறதுக்குள்ள வேற யார்னா மொத ஆளா ஒக்காந்துட்டா?" என்றாள். அவள் பயம் அதுதான். மூச்சு அடைத்துக்கொண்டிருந்தபோதும் அதுதான். ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். கழுத்தைத் திறந்தார்கள், பல்லை எடுத்தார்கள், ஆனால் சீழ் உடம்பெல்லாம் பரவியிருந்தது. ஊர் ஊராக யார் யார் பல்லையோ பாட்டிலில் சுமந்து வந்தவன், அந்த ஒரு பல்லை மட்டும் கேட்டு வாங்கவில்லை. அது எங்கே போயிற்று என்று சில நாள் கல்லாவில் உட்கார்ந்துகொண்டே யோசிப்பேன். யோசித்து என்ன.

இதையெல்லாம் கருமாதி அன்று பந்தலிலேயே உன்னிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது என்று உன் மாமா இன்றைக்கும் திட்டுகிறார். மறைத்ததால் ஒருத்தி போய்விட்டாள், இன்னும் எதை மறைக்கச் சொல்கிறார்கள்? நீ மொட்டை அடித்த தலையோடு அன்று சாயங்காலமே பஸ் ஏறிப் போய்விட்டாய். அதற்குப் பிறகு வெறி பிடித்த மாதிரி வேலை செய்தாய் என்று உன் சிநேகிதர்கள் சொன்னார்கள். உனக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய இடத்தில் நான் இருக்கிறேன், தெரிகிறது. என்னிடம் சரக்கு இல்லை. இருப்பதாகச் சொல்லி விற்கிறவனும் இல்லை நான். உன் மருந்து முன்னாலேயே வந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று நீ நினைக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊசியால் வேரைச் சுத்தம் செய்து சுண்ணாம்பு மருந்து வைத்து வழக்கமாகச் செய்கிற வைத்தியமே போதுமாக இருந்திருக்கும். பிடுங்கிப் போட்டிருந்தால் இன்னும் சுலபம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரேயே டாக்டர் இருக்கிறார், நடந்து போகிற தூரம். மருந்து இல்லாமல் அவள் சாகவில்லை. மருந்து வரப்போகிறது என்பதால் செத்தாள். இதை உன்னிடம் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

இப்போது அனுமதி வந்திருக்கிறது, என்னைக் கூப்பிடுகிறாய். நன்றாக யோசி தம்பி. நீ கூப்பிடுவது நோயாளியையா? அவள் உட்கார ஆசைப்பட்ட நாற்காலியில் யாரையாவது உட்கார வைத்து, இந்தத் தடவை நல்லபடியாக முடித்து எழுப்பி அனுப்பிவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று பார்க்கிறாய். நேராகாது. நான் எழுந்து வீட்டுக்கு வருவேன், வீட்டில் அடுப்பு அணைந்தேதான் இருக்கும். அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன். போணிக்கு வருகிறவன் எப்படிப்பட்டவன் என்று நீ யோசித்ததே இல்லை, நான் காலமெல்லாம் பார்த்தவன். அவன் பேரம் பேச மாட்டான். சரக்கை முகர்ந்து பார்க்க மாட்டான். வேண்டாம் என்ற சொல் அவன் வாயில் வரக் கூடாது, வாங்கினதைத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது. கடைக்காரனுக்கு அதில் சந்தோஷம், சரி. ஆனால் சரக்கு நல்லதா கெட்டதா என்று அவனை வைத்துத் தெரிந்துகொள்ள முடியாது. நான் உன் நாற்காலியில் உட்கார்ந்தால், நீ கை வைக்கும்போது உயிர் போனாலும் எறும்பு கடித்தமாதிரிகூட இல்லை என்பேன். அடுத்த வாரம் வீங்கினால் தலைப்பாகையைத் தாடைவரை இழுத்துக் கட்டி மறைத்துக்கொள்வேன். மாட்டேன் என்று உனக்குச் சத்தியம் செய்யலாம். சத்தியம் செய்துவிட்டு அதைத்தான் செய்வேன். பிள்ளையின் கடை அது.

உனக்கு வேண்டியது சாலவாக்கத்து அம்மா. உன்னை யாரென்றே தெரியாத, உன்மேல் ஒரு துளி பாசம் இல்லாத ஆள். வலித்தால் அந்த இடத்திலேயே உன் கையைத் தட்டிவிட்டு "இன்னாய்யா டாக்டரு நீ" என்று கேட்கிற ஆள். வீங்கினால் மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் வந்து வாசலில் நின்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரிக் கத்துகிற ஆள். அப்படி ஒருவர் வரும்வரைக்கும் ஆரம்பிக்காதே. வந்தால் ஆரம்பி, வராவிட்டால் துபாய்க்குப் போ, நான் தடுக்கவில்லை. ஆனால் ஆரம்பிப்பதையும் விடுவதையும் என் வாயில் கொண்டுவந்து கட்டாதே. வீட்டு ஆளை வைத்து ஆரம்பித்தது போதும். உன் மருந்து பலிக்குமா என்று கேட்டால், எனக்கு எதன்மேலும் நம்பிக்கை இல்லை, அதன்மேலும் இல்லை. கடையைத் திறக்கிறேன், முதலில் யார் வருகிறார்களோ அவர்களுக்கு அளந்து கொடுக்கிறேன். யார் கை என்று பார்ப்பதை விட்டுவிட்டேன். வியாபாரம் முன்பு போலவேதான் நடக்கிறது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அது தெரிந்துபோனதுதான் எனக்குப் பெரிய அடி.

நான் வராமல் இருந்தால் நீ மறுபடி போன் செய்வாய், நேரில் வருவாய், என் வாயைத் திறக்கச் சொல்வாய், நான் திறந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் இன்று காலை கடை திறப்பதற்கு முன்பே பஸ் ஸ்டாண்டு எதிரே இருக்கிற டாக்டரம்மாவிடம் போனேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "வேர் நல்லாதான் கீதுங்க ஐயா, காப்பாத்திடலாம். உங்க பையனே பெரிய டாக்டராச்சே, அவர்கிட்ட போகாம எங்கிட்ட வந்து புடுங்கச் சொல்றீங்களே, கேட்டா என்னதான திட்டுவாரு?" என்றார். "திட்டினா எங்கிட்ட அனுப்பும்மா. புடுங்கு" என்றேன். சர்க்கரை பார்த்து, ஊசி போட்டு எடுத்தார். வலித்தது. வலிக்கிறது என்று சத்தம் போட்டுச் சொன்னேன், வெளியே உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்து போய்விட்டாளாம். இந்த வயதில் முதல் தடவையாகச் சொன்னேன். பஞ்சைக் கடித்துக்கொண்டுதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவரிடம் ஒரு பாட்டில் இருக்கும். உன் அம்மா கழுவிக் கவிழ்த்து வைத்ததில் கடைசி பாட்டில். மருந்துத் தண்ணீர் மாறவில்லை, நீ கொடுத்ததுதான். உள்ளே இருப்பது கீழ்ப்பல், ஒற்றை வேர், விரிசல் இல்லை, முன்பு அடைத்ததும் இல்லை. நீ கேட்ட தரம்தான், நானே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இதன் உள்ளே உன் மருந்தை வை, கறுக்கட்டும், உடைத்துப் பார், இதற்கு வலிக்காது, இது உனக்காக எதையும் மறைக்காது. தனியாக எடுத்து வைக்காதே. மற்ற பற்களோடு கொட்டிக் கலக்கிவிடு. எது என்னுடையது என்று அடையாளம் போட்டுக்கொள்ளாதே.

நைனா